தோளுக்கு மேலே எழும் பந்தும் ஒற்றைக் கை பேக்ஹேண்டும்

கேள்வி (ஜூன் 2, மாலை)

வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. டென்னிஸில் வலது கை ஆட்டம், ஒற்றைக் கை பேக்ஹேண்ட் (மட்டை பிடிக்கும் கைக்கு எதிர்ப்பக்கம் வரும் பந்தை அடிப்பது). பந்து இடுப்பு உயரத்தில் வந்தால் நன்றாகவே அடிப்பேன். எங்கள் கிளப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இடது கைக்காரர் ஒருவர் எல்லாப் பந்தையும் டாப்ஸ்பின் (முன்னோக்கிய சுழற்சி) போட்டே அடிக்கிறார். அவருடைய ஃபோர்ஹேண்ட் (மட்டை பிடிக்கும் கைப் பக்கத்து அடி) கிராஸ்கோர்ட்டில் (மூலைவிட்டமாக) வந்து என் தோளுக்கு மேலே எழுகிறது. நான் அடித்தால் ஒன்று மட்டையின் ஃபிரேமில் (விளிம்பில்) பட்டுப் பறக்கிறது, இல்லையென்றால் குட்டையாக விழுந்து அவர் உள்ளே வந்து முடித்துவிடுகிறார். இரண்டு கைக்கு மாறிவிடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். நடாலிடம் ஃபெடரராலேயே முடியாததை நான் எங்கே செய்யப்போகிறேன்?

ஜூன் 2, இரவு

மாற வேண்டாம். இரண்டு கை என்பது கைப்பிடியை மட்டும் மாற்றுகிற விஷயம் இல்லை. பந்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது, எந்தக் காலை எங்கே வைப்பது, சர்வீஸை எப்படி வாங்குவது, எல்லாமே மாறும். அந்த உழைப்பில் பாதியைக் கால்களுக்குக் கொடுத்தாலே இந்தச் சிக்கல் பெருமளவு தீரும்.

உயரப் பந்து ஏன் வதைக்கிறது என்று முதலில் பார்ப்போம். ஒற்றைக் கையில் பந்தைத் தொடும் இடம் முன்பாதத்துக்கும் முன்னால் இருக்க வேண்டும். இடுப்பிலிருந்து மார்பு வரை உள்ள உயரத்தில் முதுகும் தோளும் சேர்ந்து தள்ளும். தோளைத் தாண்டிவிட்டால் பின்தோளில் இருக்கும் சின்னத் தசைகள்தான் துணை. இரண்டு கைக்காரருக்கு அந்த உயரத்தில் இடது கை பின்னாலிருந்து ஃபோர்ஹேண்ட் மாதிரி தள்ளிக்கொடுக்கும். நமக்கு அது இல்லை.

பந்தை மூன்று நேரத்தில் தொடலாம். எழும்போது, உச்சியில் இருக்கும்போது, இறங்கும்போது. இதில் நமக்கு ஆகாதது உச்சி மட்டும்தான். ஆனால் பேஸ்லைனுக்கு (கோர்ட்டின் பின்கோட்டுக்கு) ஓரிரு அடி பின்னால் நிற்பது பலருக்கும் பழக்கம். கனமான டாப்ஸ்பின் வரும்போது உச்சி சரியாக அங்கேதான் அமைகிறது. ஒன்று முன்னே போங்கள், இல்லையென்றால் நன்றாகப் பின்னே போங்கள். எதிராளியின் மட்டையிலிருந்து பந்து கிளம்பியதுமே, அது வலையைத் தாண்டுவதற்குள், எந்தப் பக்கம் என்று முடிவாகிவிட வேண்டும்.

ஜூன் 3

‘ஃபெடரராலேயே முடியாதது’ என்று எழுதியிருந்தீர்கள். அது பாதிக் கதை.

முதல் பாதி எல்லோருக்கும் தெரியும். 2008 பாரிஸ் (ஃபிரெஞ்சு ஓபன்) இறுதியில் நடால் 6-1, 6-3, 6-0. களிமண் தரையில் இருவரும் மோதிய 16 ஆட்டங்களில் நடாலுக்கு 14. இடது கை ஃபோர்ஹேண்டைக் கிராஸ்கோர்ட்டில் வலது கைக்காரரின் பேக்ஹேண்டுக்குத் திரும்பத் திரும்பப் போடுவார். கோர்ட்டின் நீளமான மூலைவிட்டம், வலையும் நடுவில் தாழ்வு, அதனால் அவருக்கு அபாயமே இல்லாத ஷாட். வாங்குகிறவருக்கோ ஒவ்வொரு பந்தும் தோள் உயரம்.

இரண்டாவது பாதி 2017 ஜனவரி, மெல்போர்ன், ஆஸ்திரேலிய ஓபன் இறுதி. 6-4, 3-6, 6-1, 3-6, 6-3. ஐந்தாவது செட்டில் 1-3 என்று பின்தங்கியிருந்த ஃபெடரர் அங்கிருந்து ஐந்து கேம்களைத் தொடர்ந்து எடுத்தார். அந்த செட்டை இன்னொரு முறை பாருங்கள், பந்தை விட்டுவிட்டு அவர் கால்களை மட்டும். பேஸ்லைனை விட்டு நகர மறுக்கிறார். பந்து எழுந்து மார்புக்கு வருவதற்குள் பேக்ஹேண்ட் முடிந்துவிடுகிறது. முந்தைய வருடங்களில் ஸ்லைஸ் (பந்தை வெட்டிப் பின்சுழற்சியோடு அனுப்புவது) போட்டுத் திருப்பிய பந்துகளை அன்று மட்டையை மேலேற்றி அடித்தார். 2014இல் 90 சதுர அங்குலத் தலையுள்ள ராக்கெட்டை விட்டு 97க்கு மாறியதும் இதற்கு உதவியது. எழும் பந்தைத் தொடும்போது நடுவில் படாமல் போவது சகஜம், தலை பெரிதாக இருந்தால் அந்தப் பந்தும் உள்ளே விழும். அதே வருடம் இந்தியன் வெல்ஸ், மயாமி, ஷாங்காய் மூன்றிலும் நடாலை ஒரு செட்கூட விடாமல் வென்றார்.

கை அதே கைதான். நின்ற இடம் வேறு.

ஜூன் 3, கொஞ்சம் கழித்து

மேலே சொன்னதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த 2017 வெற்றிகள் நான்குமே ஹார்ட் கோர்ட்டில். 2019இல் பாரிஸ் அரையிறுதிக்கு அதே ராக்கெட்டோடும் அதே துணிச்சலோடும் போனார். பலத்த காற்று. நடால் 6-3, 6-4, 6-2.

ஹார்ட் கோர்ட்டில் பந்து எப்படி எழும் என்று நம்பலாம். களிமண்ணில் சுழற்சி தரையை நன்றாகக் கவ்வுகிறது, வேகம் குறைந்து செங்குத்தாக எழுகிறது, காற்றடித்தால் திசையும் கொஞ்சம் மாறும். ஆகவே உங்கள் கிளப்பின் தரை எது என்று சொல்லுங்கள், பதில் அதைப் பொறுத்தது.

ஜூன் 4

சுழற்சிக்கும் உயரத்துக்கும் என்ன தொடர்பு என்று தனியாக ஒருவர் கேட்டார். முன்னோக்கிச் சுழலும் பந்தைக் காற்று கீழே அழுத்துகிறது. அதனால் வலைக்கு மேலே நல்ல உயரத்தில் அனுப்பினாலும் கோர்ட்டுக்குள் செங்குத்தாக இறங்கும். செங்குத்தாக இறங்குவது செங்குத்தாகவே எழும். டென்னிஸ் ஆய்வாளர் ஜான் யாண்டெல் அதிவேகக் கேமராவில் அளந்தபோது நடாலின் ஃபோர்ஹேண்ட் சராசரியாக நிமிடத்துக்கு 3200 சுற்று, உச்சமாக 4900. ஃபெடரருக்குச் சராசரி 2700. சாம்ப்ராஸ், அகாஸி காலத்து ஃபோர்ஹேண்ட் 1800, 1900 அளவில்தான் இருந்தது. ஒற்றைக் கை பேக்ஹேண்டைப் பழைய கோச்சுகள் நமக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தக் காலத்துப் பந்துக்கு.

ஜூன் 6

களிமண் தரை, சரியாக உருட்டுவதில்லை, பந்து கண்டபடி எழுகிறது என்று பதில் வந்திருக்கிறது. நான் ஆடுவதும் அப்படிப்பட்ட தரையில்தான், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

எழும்போதே அடிப்பது அங்கேயும் முடியும், ஆனால் மட்டையைப் பின்னால் இழுக்கும் அளவைப் பாதியாக்க வேண்டும். தோளை முழுதாகத் திருப்புங்கள், வலது தோள்பட்டைக்கு மேலாகப் பந்தைப் பார்க்கிற அளவுக்கு. இடது கை ராக்கெட்டின் கழுத்தை விடவே கூடாது, மட்டை முன்னே கிளம்பும்போதுதான் விட வேண்டும். எத்தனையோ பேர் பந்து வலையைத் தாண்டும்போதே இடது கையை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் தோள் திரும்பாது, கை மட்டும் தனியாக வீசும்.

அடுத்தது, மட்டையின் தலையை எங்கே வைத்துக் காத்திருப்பது. ‘கீழிருந்து மேலே’ என்று சொல்லித் தந்திருப்பார்கள். இடுப்பு உயரப் பந்துக்கு அது சரி. மார்புக்கு மேலே வரும் பந்துக்கு மட்டையை முழங்கால் வரை இறக்கினால் ஏறி வருவதற்கு நேரம் கிடையாது. நீங்கள் சொல்லும் ஃபிரேம் அடி அங்கேதான் பிறக்கிறது. வலையின் நடு உயரம் 0.914 மீட்டர். உங்கள் தோள் உயரம் எப்படியும் அதைவிட ஒன்றரை அடி அதிகம் இருக்கும். பந்து ஏற்கெனவே வலைக்கு மேலே இருக்கிறது, அதை நீங்கள் தூக்க வேண்டியதில்லை, முன்னே தள்ளினால் போதும். மட்டையின் தலையைப் பந்து வரப்போகும் உயரத்திலேயே தயாராக வையுங்கள். கிட்டத்தட்ட நேராகப் பந்தின் ஊடாகச் செல்லுங்கள், கடைசியில் கொஞ்சம் ஏறினால் போதும். இடது கை பின்னால் போகட்டும். அது முன்னே வந்தால் மார்பு திறந்து பந்து வலப்பக்கம் விலகி ஓடும்.

ஜூன் 6, இரவு

பின்னால் போகிற வழியையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஒருதலையாக இருக்கும்.

டொமினிக் தீம் களிமண்ணில் நடாலை நான்கு முறை வென்றவர். புவெனஸ் அயர்ஸ் 2016, ரோம் 2017, மாட்ரிட் 2018, பார்சிலோனா 2019. ஒற்றைக் கை. பெரும்பாலும் பேஸ்லைனுக்கு வெகு பின்னால் நின்று, பந்து இறங்கி மார்புக்குக் கீழே வந்த பிறகு முழு வீச்சாக அடிப்பார். வாவ்ரிங்காவும் அப்படித்தான். 2015 பாரிஸ் இறுதியில் ஜோகோவிச்சை அவர் வென்ற ஆட்டத்தில் அந்த பேக்ஹேண்டுக்குத் தேவையான நேரம் பின்னால் நின்றதால் கிடைத்தது. அதே தீம் 2018, 2019 பாரிஸ் இறுதிகளில் நடாலிடம் தோற்றார். வாவ்ரிங்கா 2017 இறுதியில் 6-2, 6-3, 6-1 என்று தோற்றார். ஐந்து செட் ஆட்டத்தில் அவ்வளவு பின்னாலிருந்து ஓடிக்கொண்டே இருப்பது பெரும் பாரம்.

நமக்கு இரண்டு தடைகள். ஒன்று தொடை வலு. இன்னொன்று இடம். சர்வதேசப் போட்டிகளுக்குப் பேஸ்லைனுக்குப் பின்னால் 6.40 மீட்டர் விட வேண்டும் என்பது பரிந்துரை. பல கிளப்புகளில் நாலு அடி பின்னே போனால் கம்பி வேலி முதுகில் இடிக்கும். வேலி அருகில் இருந்தால் இந்த வழியை மறந்துவிடுங்கள். இடம் இருந்தால், பின்னாலிருந்து அடிக்கும் பந்து வலைக்கு மேலே குறைந்தது ஒரு மட்டை நீளம் உயரமாகப் போக வேண்டும். அங்கிருந்து தாழ்வாக அடித்தால் குட்டையாகத்தான் விழும்.

ஜூன் 9

கிரிப், அதாவது கைப்பிடியைப் பிடிக்கும் விதம். இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் மாற்றத் துடிப்பது இதைத்தான்.

சாதாரண ஈஸ்டர்ன் பேக்ஹேண்ட் கிரிப்பில் சுட்டுவிரலின் அடிமுட்டி கைப்பிடியின் எட்டுப் பட்டைகளில் மேல்பட்டையில் இருக்கும். அதை இடப்பக்கத்துப் பட்டைக்கு இன்னும் நகர்த்தினால் வசதியாகத் தொடும் இடம் உயர்ந்து, முன்னும் போகும். குஸ்டாவோ குயெர்ட்டன், காஸ்கே மாதிரி ஆட்டக்காரர்கள் இந்தப் பக்கம் சாய்ந்த கிரிப்காரர்கள். குயெர்ட்டன் 1997, 2000, 2001 என்று மூன்று முறை பாரிஸில் வென்றார். விலை என்னவென்றால், தாழ்ந்த பந்து கஷ்டமாகிவிடும், ஸ்லைஸுக்கு மாற அதிக நேரம் பிடிக்கும். தவிர, கிரிப் மட்டும் காப்பாற்றிவிடாது. அவ்வளவு அழகான பேக்ஹேண்ட் வைத்திருந்த காஸ்கே நடாலிடம் ஆடிய 18 ஆட்டங்களிலும் தோற்றார்.

நாற்பது வயதில் முழுப் பட்டை நகர்த்த வேண்டாம் என்பது என் கருத்து. அரைப் பட்டை நகர்த்திப் பாருங்கள். மணிக்கட்டு வலித்தால் திரும்பிவிடுங்கள்.

ஜூன் 9

உயரம் குறைவு என்று சாக்குச் சொல்ல வருகிறவர்களுக்கு: ஜஸ்டின் ஹெனின் 1.67 மீட்டர். ஒற்றைக் கை. பாரிஸில் பெண்கள் பட்டம் 2003, 2005, 2006, 2007. அவருக்கு எதிரே வந்தது நடாலின் சுழற்சி இல்லைதான். ஆனாலும் தோள் உயரப் பந்தை அவர் அளவுக்கு ஆசையோடு தேடிப் போய் அடித்தவரை நான் பார்த்ததில்லை. பின்காலிலிருந்து எழும்பி உடலையே பந்தின் உயரத்துக்குக் கொண்டுபோவார்.

ஜூன் 11

ஸ்லைஸை இதுவரை சொல்லாததற்கு இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். நியாயம்தான்.

உயரப் பந்துக்கு ஸ்லைஸ் நல்ல ஆயுதம், எங்கே போடுகிறோம் என்பது தெரிந்தால். தோள் உயரத்தில் காண்டினென்டல் கிரிப்பில் (சுத்தியலைப் பிடிப்பது மாதிரி) மட்டையைக் காதுக்கு மேலே வைத்து முன்னும் கீழுமாக இறங்க வேண்டும். கீழ்நோக்கி மட்டும் வெட்டினால் பந்து மிதக்கும்.

திசைதான் முக்கியம். எதிரே இருப்பவர் இடது கைக்காரர். நீங்கள் கிராஸ்கோர்ட்டில் ஸ்லைஸ் போட்டால் அது அவருடைய ஃபோர்ஹேண்டுக்கே போகிறது, மறுபடியும் அதே உயரப் பந்து வரும். டவுன் த லைன் (பக்கக்கோட்டை ஒட்டி நேராக) போட்டால் அவருடைய பேக்ஹேண்ட். ஓரத்தில் வலை உயரம் 1.07 மீட்டர், கோர்ட்டும் குட்டை, அதனால் மட்டையை மேலேற்றி வேகமாக அடிக்கும் டிரைவுக்கு அது அபாயமான கோடு. மெதுவாகச் செல்லும் ஸ்லைஸுக்கு அந்த அபாயம் குறைவு. ஆழமாக அவர் பேக்ஹேண்ட் மூலையில் தாழ்வாக விழுந்தால் அங்கிருந்து அவர் உங்களைத் தோள் உயரத்தில் வதைக்க முடியாது.

கிராஸ்கோர்ட் ஸ்லைஸுக்கும் ஒரு வேலை உண்டு. குட்டையாக, அகலமாக, சர்வீஸ் கோட்டுக்கு அருகே போட்டால் மேற்கத்திய கிரிப்பில் (உள்ளங்கை கைப்பிடிக்கு அடியில் போகும் பிடி) பிடித்திருக்கும் அவர் குனிந்து எடுக்க வேண்டும். வலைக்கு வரப் பிடிக்காதவராக இருந்தால் இன்னும் நல்லது.

ஜூன் 15

இத்தனை நாள் எழுதியதில் மிக முக்கியமானது இது என்று நினைக்கிறேன். முதல் குறிப்பிலேயே இதை வைத்திருக்கலாம்.

உயரப் பந்து எங்கிருந்து வருகிறது? நாம் முந்தி அடித்த பந்திலிருந்து. எங்கள் பக்கமும் ஓர் இடது கைக்காரர் இருக்கிறார், வருடக்கணக்காக அவரோடு ஆடுகிறேன். நான் நடுக்கோர்ட்டில் மிதமான பந்து கொடுத்தால் அவர் நின்று, சுற்றி, முழு வீச்சில் டாப்ஸ்பின் போடுகிறார். ஓடிக்கொண்டே அடிக்க வைத்தால் பாதி சுழற்சிதான் வருகிறது. ஆழமாகக் காலடியில் போட்டால் பின்காலில் சாய்ந்து அடிக்கிறார், அது என் இடுப்புக்கு மேலே எழுவதில்லை. என் பேக்ஹேண்ட் நல்லா இருந்த நாள்கள் என்று நான் நினைப்பவை எல்லாம் என் ஃபோர்ஹேண்ட் ஆழமாக விழுந்த நாள்கள்.

சர்வீஸிலிருந்தே தொடங்குங்கள். அவருடைய வலப்பக்கக் கட்டத்துக்குச் சர்வ் போடும்போது அகலமாகச் சறுக்கினால் அது இடது கைக்காரரின் பேக்ஹேண்ட். அவருடைய இடப்பக்கக் கட்டத்துக்கு நடுக்கோட்டை ஒட்டிப் போட்டால் அதுவும் பேக்ஹேண்ட். முதல் பந்திலேயே அவர் ஃபோர்ஹேண்டைத் தொட விடாதீர்கள். ரேலியில் அவர் ஃபோர்ஹேண்டுக்குத்தான் போக வேண்டுமென்றால் முதலில் அவர் பேக்ஹேண்ட் மூலைக்கு ஓட்டிவிட்டு, அப்புறம் ஃபோர்ஹேண்டுக்கு அகலமாகப் போடுங்கள்.

ஜூன் 16

பேச்சு நடாலைச் சுற்றியே போவதால் நுங்கம்பாக்கம் ஞாபகம் வந்துவிட்டது. 2008 சென்னை ஓபன் இறுதி, யூஸ்னி 6-0, 6-1 என்று நடாலை வென்றார். யூஸ்னி ஒற்றைக் கை பேக்ஹேண்ட்காரர். இதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் கிளப்பில் ஒருவர் ஒற்றைக் கைக்குக் கொடி பிடிப்பார். ஆனால் அதற்கு முந்தின நாள் அரையிறுதியில் கார்லோஸ் மோயாவோடு மூன்று செட்டும் இழுத்து, ஏறக்குறைய நாலு மணி நேரம் ஆடியிருந்தார் நடால். காலில் வலு இல்லாத நடாலின் பந்து எழாது. அதிலும் பாடம் இருக்கிறது. சுழற்சி கையிலிருந்து வருவதாகத் தெரியும், உண்மையில் காலிலிருந்து வருகிறது. உங்கள் இடது கைக்காரரை முதல் செட்டில் நிறைய ஓட வையுங்கள், இரண்டாவது செட்டில் பந்து தாழும்.

அதே மைதானத்தில் வாவ்ரிங்கா 2011, 2014, 2015, 2016 என்று நான்கு முறை கோப்பை வாங்கினார். 2014இல் இங்கே வென்ற அதே மாதம் மெல்போர்னில் நடாலை வென்று முதல் கிராண்ட்ஸ்லாம். அந்த பேக்ஹேண்டை சென்னைக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள் என்பதில் எனக்கு இன்றும் பெருமை.

ஜூன் 20

முழங்கை வலி பற்றி ஒருவர். உயரப் பந்தைத் தாமதமாக, முழங்கை முன்னே நீட்டி, மணிக்கட்டை மடக்கி அடித்தால் வெளிப்பக்க முழங்கையின் தசைநாரில்தான் சுமை விழும். வலி இருக்கும் வரை உயரப் பந்துக்கு ஸ்லைஸ் மட்டும். மட்டையில் பாலியஸ்டர் நரம்பு போட்டிருந்தால் கழற்றிவிட்டு மென்மையான மல்ட்டிஃபிலமென்ட் (பல மெல்லிய இழைகளாலான நரம்பு) போடுங்கள், இழுவிசையையும் கொஞ்சம் குறையுங்கள். வலி நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டும், தைலம் தடவிக்கொண்டு ஆடக் கூடாது.

ஜூன் 24

பயிற்சி எப்படி என்று கேட்டிருந்தீர்கள். நண்பர் ஒருவரைச் சர்வீஸ் கோட்டில் நிறுத்தி, பந்தைத் தரையில் ஓங்கி அடித்து உங்கள் பேக்ஹேண்ட் பக்கம் உயரமாக எழ வைக்கச் சொல்லுங்கள். முதலில் மட்டையில்லாமல், இடது உள்ளங்கையால் பந்தை முன்பாதத்துக்கு முன்னே பிடியுங்கள். வேடிக்கையாக இருக்கும், ஆனால் கால் எங்கே போக வேண்டும் என்பது உடம்புக்குப் புரிந்துவிடும். அப்புறம் மட்டையோடு, சின்ன வீச்சில். எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டாம், நடுவில் பட்டதா என்று மட்டும் கேளுங்கள்.

இன்னொன்று, பேஸ்லைனுக்குப் பின்னால் போகக் கூடாது என்று நிபந்தனை வைத்து ஒரு செட் ஆடுங்கள். தோற்பீர்கள். பரவாயில்லை, அந்த செட்டின் நோக்கம் வேறு.

ஜூலை 3

டவுன் த லைன் ஸ்லைஸ் வேலை செய்கிறது, எழும்போது அடிப்பது இன்னும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிசையில்தான் வரும். ஸ்லைஸால் ரேலியில் நிலைத்து நின்றால் எழும் பந்தைத் தேர்ந்தெடுத்து அடிக்க அவகாசம் கிடைக்கும். எல்லாப் பந்தையும் அடிக்க வேண்டாம். குட்டையாக விழும் டாப்ஸ்பின்னை மட்டும் உள்ளே போய் அடியுங்கள். பேஸ்லைனை ஒட்டி ஆழமாக விழுவதற்கு ஸ்லைஸ்.

2024 பிப்ரவரியில், 1973இல் தரவரிசை தொடங்கியதிலிருந்து முதல் முறையாக, ஆண்கள் முதல் பத்தில் ஒற்றைக் கைக்காரர் ஒருவரும் இல்லாமல் போனதை நீங்களும் குறிப்பிட்டிருந்தீர்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு ஒற்றைக் கைக்காரர்களான திமித்ரோவும் முசெட்டியும் உள்ளே வந்தார்கள். ஆனால் நம் ஆட்டத்துக்கு அந்தப் பட்டியல் ஒரு பொருட்டில்லை. நம் எதிராளி நிமிடத்துக்கு 3200 சுற்று போடுகிறவர் இல்லை.

கிக் சர்வைப் பற்றிய கடைசிக் கேள்விக்கு: உங்கள் இடப்பக்கக் கட்டத்தில் வலது கைக்காரர் போடும் கிக் சர்வ் (சுழன்று உயரமாக எழும் சர்வ்) இதே உயரப் பந்துதான், நேரம் மட்டும் இன்னும் குறைவு. கட்டத்துக்கு ஓரடி நெருங்கி நில்லுங்கள், காண்டினென்டலிலேயே காத்திருங்கள், பின்வீச்சே வேண்டாம், எழும்போதே தடுத்து அவர் காலடிக்கு அனுப்புங்கள். இரட்டையர் ஆட்டமானால் வலையில் நிற்பவரைத் தவிர்த்து கிராஸ்கோர்ட்டில் தாழ்வாக.